வானூர்திப் பயணத்தில் மின்னணு சிகரெட்

வானூர்திப் பயணத்தில் மின்னணு சிகரெட் என்னும் இக்கட்டுரை, மின்கலத்தால் இயங்கும் புகைக்கருவிகளையும் அவற்றின் உதிரி மின்கலங்களையும் பயணிகள் வானூர்தியில் எடுத்துச்செல்வது தொடர்பான பாதுகாப்பு விதிகளையும் அவற்றின் அறிவியல் அடிப்படையையும் விளக்குகிறது. இவ்விதிகளின் சாரம் இரண்டு கூற்றுகளில் அடங்கும். கருவியும் மின்கலமும் பயணியுடன் பயணிகள் அறையிலேயே இருக்க வேண்டும். சரக்கறைக்குச் செல்லும் பெட்டிகளில் இருத்தல் கூடாது. வானூர்தியினுள் அவற்றைப் பயன்படுத்தவோ மின்னேற்றவோ கூடாது. தீப்பற்றக்கூடிய ஒரு பொருளை ஆளில்லாத சரக்கறையில் வைக்காமல், மக்கள் நிறைந்த அறையில் வைக்கச் சொல்வது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றலாம். இலித்தியம் மின்கலத் தீயின் இயல்பே இதற்குக் காரணம் ஆகும்.

கருவியின் அமைப்பு

தற்கால மின்னணு சிகரெட்டைச் சீன மருந்தாளுநரான ஹொன் லிக் 2003 ஆம் ஆண்டில் உருவாக்கினார். இக்கருவியில் மின்கலம், வெப்பமேற்றும் கம்பிச்சுருள், நீர்மக்கலம் ஆகிய மூன்று முதன்மைப் பகுதிகள் உள்ளன. நீர்மத்தில் பொதுவாகப் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், சுவையூட்டிகள் ஆகியவை கலந்திருக்கும். சுருள் சூடாகும்போது நீர்மம் ஆவித்துளிகளாக மாறுகிறது. சில கருவிகள் பொத்தானை அழுத்துவதால் இயங்குகின்றன. வேறு சில, உள்ளிழுக்கும் காற்றை உணர்ந்து தாமாகவே இயங்குகின்றன. பெட்டிக்குள் பிற பொருட்கள் பொத்தானை அழுத்தினால், சுருள் தொடர்ந்து சூடாகி அருகிலுள்ள துணிகள் தீப்பற்ற வாய்ப்புண்டு.

இக்கருவிகளில் பெரும்பாலும் இலித்தியம்-அயனி மின்கலமே பயன்படுகிறது. 1991 ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் இவ்வகை மின்கலத்தை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறிய அளவில் மிகுந்த ஆற்றலைச் சேமித்து வைப்பது இதன் சிறப்பு. இதன் ஆபத்தும் அதிலிருந்தே பிறக்கிறது.

வெப்பக் கட்டிழப்பு

இலித்தியம்-அயனி மின்கலத்தின் நேர்மின்வாயையும் எதிர்மின்வாயையும் ஒரு மெல்லிய பிரிப்புத்தாள் பிரித்து வைக்கிறது. இவற்றிற்கு இடையிலுள்ள மின்பகுளி, தீப்பற்றக்கூடிய கரிமக் கரைப்பானால் ஆனது. உற்பத்திக் குறைபாடு, நசுங்குதல், அளவுக்கு மீறிய மின்னேற்றம் ஆகியவற்றால் பிரிப்புத்தாள் பழுதடையும்போது உட்புறக் குறுக்குச்சுற்று ஏற்படும். உதிரி மின்கலத்தின் முனைகளைச் சாவியோ நாணயமோ இணைத்துவிட்டால் வெளிப்புறக் குறுக்குச்சுற்று ஏற்படும். இதனால் உண்டாகும் வெப்பம் மின்கலத்தினுள் வேதிவினைகளைத் தூண்ட, அவ்வினைகள் மேலும் வெப்பத்தை வெளிவிடுகின்றன. தன்னைத் தானே விரைவுபடுத்திக்கொள்ளும் இந்நிகழ்வு வெப்பக் கட்டிழப்பு எனப்படும். ஒரு மின்கலத்தில் தொடங்கும் இது, அடுத்துள்ள மின்கலங்களுக்கும் பரவக்கூடியது.

சரக்கறையில் ஏன் கூடாது

பெரிய பயணிகள் வானூர்திகளின் சரக்கறையில் புகை உணரிகளும் ஆலோன் வளிமத்தைச் செலுத்தும் தீயணைப்பு அமைப்பும் உள்ளன. ஆலோன் சுடரை அடக்கும்; ஆனால் மின்கலத்தைக் குளிர்விக்காது. எனவே சுடர் அணைந்த பின்னரும் வெப்பக் கட்டிழப்பு தொடர்ந்து அடுத்தடுத்த மின்கலங்களுக்குப் பரவலாம். பறக்கும்போது பணியாளர் சரக்கறைக்குள் சென்று தீயை அணைக்கவும் இயலாது.

பயணிகள் அறையிலோ, புகையும் மணமும் உடனே கண்டறியப்படுகின்றன. பணியாளர்கள் முதலில் தீயணைப்பானால் சுடரை அடக்கி, பின்னர் நீரையோ மதுசாரம் கலவாத வேறு பானத்தையோ ஊற்றி மின்கலத்தைக் குளிர்விக்கின்றனர். பனிக்கட்டியால் மூடுவது வெப்பத்தை உள்ளேயே தேக்கிவைக்கும் என்பதால் அது பரிந்துரைக்கப்படுவதில்லை.

விதிகள் உருவான வரலாறு

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து புறப்பட்ட யூபிஎசு நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு வானூர்தியில், இலித்தியம் மின்கலங்கள் அடங்கிய சரக்கில் தீப்பிடித்தது. வானூர்தி வீழ்ந்து அதன் இரு வானோடிகளும் உயிரிழந்தனர். இத்தகைய தீ எவ்வளவு விரைவாகக் கட்டுமீறும் என்பதை இவ்விபத்து உணர்த்தியது.

மின்னணு சிகரெட் தொடர்பில் இரு நிகழ்வுகள் முதன்மையானவை. 2014 ஆகத்து 9 அன்று பாசுடன் நகரின் லோகன் வானூர்தி நிலையத்தில், சரக்கறையிலிருந்த பயணி ஒருவரின் பெட்டியில் மின்னணு சிகரெட்டால் தீ மூண்டது. வானூர்தியில் இருந்தோர் வெளியேற்றப்பட்டனர். 2015 சனவரி 4 அன்று லாசு ஏஞ்சலசு நிலையத்தில், இணைப்பு வானூர்தியைத் தவறவிட்ட ஒரு பெட்டி தீப்பற்றியது. அது உரிய வானூர்தியில் ஏறியிருந்தால், நடுவானில் எரிந்திருக்கக்கூடும்.

இவற்றைத் தொடர்ந்து, 2015 ஆம் ஆண்டில் பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பு, இக்கருவிகளைச் சரக்கறைப் பெட்டிகளில் வைப்பதையும் வானூர்தியில் மின்னேற்றுவதையும் தடைசெய்தது. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவும் இவ்விதியை நடைமுறைப்படுத்தியது. 2016 ஆம் ஆண்டில் வானூர்தியினுள் பயன்படுத்துவதையும் வெளிப்படையாகத் தடைசெய்தது.

ஆற்றல் வரம்பு

மின்கலத்தின் ஆற்றல் வாட்மணியில் அளக்கப்படுகிறது. மின்னழுத்தத்தை ஆம்பியர்மணியால் பெருக்கினால் இது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 3.7 வோல்ட்டும் 3000 மில்லி ஆம்பியர்மணியும் கொண்ட மின்கலத்தின் ஆற்றல் 3.7 × 3 = 11.1 வாட்மணி ஆகும். மின்னணு சிகரெட்டின் மின்கலம் 100 வாட்மணிக்கு மேற்படக் கூடாது. எனவே பெரும்பாலான கருவிகள் வரம்பிற்குள்ளேயே அமைகின்றன.

பயணிகள் கவனிக்க வேண்டியவை:

* உதிரி மின்கலங்களைக் கைப்பையில், ஒவ்வொன்றையும் தனித்தனி உறையிலோ முனைகளை ஒட்டுநாடாவால் மூடியோ வைத்தல் வேண்டும்.
* கருவியை அணைத்து, தற்செயலாக இயங்காதவாறு பூட்டுதல் அல்லது மின்கலத்தைக் கழற்றுதல் வேண்டும்.
* இடமின்மையால் கைப்பை வாயிலில் வாங்கப்பட்டுச் சரக்கறைக்கு அனுப்பப்படுமாயின், கருவியையும் மின்கலங்களையும் அதிலிருந்து எடுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.
* வீங்கிய, நசுங்கிய, கசியும் மின்கலங்களை எடுத்துச்செல்லக் கூடாது.

நீர்மமும் காற்றழுத்தமும்

பறக்கும்போது பயணிகள் அறையின் காற்றழுத்தம், ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலைப்பகுதியின் அழுத்தத்திற்கு இணையாகக் குறைகிறது. அதனால் நீர்மக்கலத்தில் அடைபட்ட காற்று விரிந்து நீர்மத்தை வெளியே தள்ளுகிறது. கலத்தை வெறுமையாக வைப்பது கசிவைத் தவிர்க்கும். பல நாடுகளில் கைப்பையில் கொண்டுசெல்லும் நீர்மக் கொள்கலனுக்கு 100 மில்லிலீட்டர் என்னும் வரம்பு இதற்கும் பொருந்தும்.

வானூர்தியினுள் பயன்பாடு

ஆவித்துளிகள் கழிவறையின் புகை உணரியை இயக்கக்கூடும். 2018 சூலை 10 அன்று ஆங்காங்கிலிருந்து தாலியன் நோக்கிச் சென்ற ஏர் சைனா வானூர்தியில், துணை வானோடி மின்னணு சிகரெட் புகைத்தார். ஆவி பயணிகள் அறைக்குப் பரவாமலிருக்கக் காற்றுச் சுழற்சி விசிறியை நிறுத்த முயன்று, தவறுதலாகக் காற்றுப்பதன அமைப்பை நிறுத்திவிட்டார். அறையின் காற்றழுத்தம் குறைந்து, வானூர்தி அவசரமாகத் தாழ இறங்க நேரிட்டது.

நாடுகளின் சட்டங்கள்

வான்போக்குவரத்து விதி எடுத்துச்செல்ல இசைவளித்தாலும், சேருமிடத்தின் சட்டம் அதனைக் குற்றமாகக் கருதலாம். இந்தியாவில் 2019 ஆம் ஆண்டுச் சட்டம் மின்னணு சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விளம்பரம், சேமிப்பு ஆகியவற்றைத் தடைசெய்கிறது. சிங்கப்பூரில் 2018 பெப்ரவரி முதல் இதனை வைத்திருப்பதே குற்றமாகும். தாய்லாந்து 2014 ஆம் ஆண்டில் இறக்குமதியைத் தடைசெய்தது.

தென்கொரியாவில் 2025 சனவரி 28 அன்று கிம்கே நிலையத்தில் நின்றிருந்த பயணிகள் வானூர்தியொன்று தீயில் எரிந்தது. அதன் பின்னர், மார்ச் 1 முதல், மின்னேற்றக் கலங்களையும் மின்னணு சிகரெட்டுகளையும் தலைக்குமேல் உள்ள பேழையில் வைக்காமல், பயணி தம் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்நாடு விதித்தது. தீ தோன்றினால் உடனே கண்ணில் படவேண்டும் என்பதே இவ்விதிக்கும் அடிப்படையாகும்.