அதே டாலர்தான், ஊர்தான் வேறு

அமெரிக்க அரசு 2000-இல் பொன்னிறத்தில் ஒரு டாலர் நாணயம் வெளியிட்டது. முதுகில் குழந்தையைச் சுமந்த சகாகவேயா என்ற பழங்குடிப் பெண்ணின் உருவம் அதில் இருக்கும். அமெரிக்கர்கள் அதைச் சீந்தவே இல்லை. நோட்டு போதும் என்று இருந்துவிட்டார்கள். அந்தக் காசு இன்று சந்தையிலும் டாக்ஸியிலும் கைமாறிக்கொண்டே இருப்பது தென் அமெரிக்காவின் ஈக்வடாரில். 1999-இல் அங்கே வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. சுக்ரே என்ற சொந்தப் பணத்தின் மதிப்பு அதலபாதாளத்துக்குப் போனது. மறு ஆண்டே, டாலருக்கு 25,000 சுக்ரே என்று கணக்குத் தீர்த்துவிட்டு நாடே அமெரிக்கப் பணத்துக்கு மாறியது. சேமிப்பைச் சுக்ரேயில் வைத்திருந்தவர்கள் கதை கந்தல்.

உள்ளூர்க்காரர்களுக்கு நேர்ந்த அந்தக் கஷ்டம், பின்னால் வந்த அமெரிக்க ஓய்வூதியக்காரர்களுக்கு வசதியாகப் போயிற்று. மெக்சிகோவுக்கோ தாய்லாந்துக்கோ குடிபோனவர் தினமும் செலாவணி விகிதத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும். இங்கே அந்தப் பேச்சே இல்லை. அதனால்தான் ஆண்டிஸ் மலையில் சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் குவென்கா நகரத்தில் சில ஆயிரம் அமெரிக்கர்கள் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கம், ஆனால் மலை; ஆகவே ஏ.சி.யும் வேண்டாம், பெரும்பாலான வீடுகளில் ஹீட்டரும் வேண்டாம். மின்கட்டணத்தில் பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்தது.

மதியம் சூப், சோறு, இறைச்சி, பழச்சாறு என்று முழுச் சாப்பாடு சாதாரணக் கடைகளில் 3 டாலரை ஒட்டிக் கிடைக்கும். மானிய விலை கேஸ் சிலிண்டர், வீட்டில் கொண்டுவந்து இறக்கினாலும் அதே 3 டாலர் அளவுதான். 65 வயது தாண்டியவருக்குப் பேருந்தில் அரைக் கட்டணம். அங்கே குடியேறிய வெளிநாட்டவருக்கும் உண்டு. 10 டி அகோஸ்தோ சந்தையில் காய் வாங்கினால் கொசுறு கேட்டு வாங்கலாம். அதே சந்தையில் மூலிகைக் கட்டால் உடம்பெல்லாம் அடித்து, முட்டையால் தடவிக் கண்ணேறு கழிக்கும் பெண்களும் உண்டு. நம் பாட்டிமார் பார்த்தால், மிளகாயும் உப்பும் எங்கே என்றுதான் கேட்பார்கள். ஒன்று மட்டும் நினைவு வைக்க வேண்டும்: 50, 100 டாலர் நோட்டை நீட்டினால் கடைக்காரர் முகம் சுளிப்பார். சில்லறை இல்லாமல் அந்த ஊரில் நடக்க முடியாது.

இவ்வளவு மலிவு எப்படி? 2025-இல் ஈக்வடாரின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 470 டாலர். அதே ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு அரசு தந்த சராசரி ஓய்வூதியம் ஏறக்குறைய 1,975 டாலர். சமையல், முடிவெட்டு, வீட்டுவேலை, பல் மருத்துவம் என்று உள்ளூர் உழைப்பு கலந்த எல்லாம் அமெரிக்கருக்கு மலிவு. அதைச் செய்பவருக்கு அது மலிவு இல்லை. கப்பலில் வந்த பொருளென்றால் கதை தலைகீழ். கார், லேப்டாப், அமெரிக்க வேர்க்கடலை வெண்ணெய் எல்லாம் சுங்கவரி சுமந்து சொந்த ஊர் விலையைத் தாண்டிவிடும். சூப்பர் மார்க்கெட்டில் பழைய வாழ்க்கையைத் தேடுபவருக்கு மாதக் கடைசியில் பர்ஸ் காலிதான்.

பட்ஜெட் போடுபவர்கள் மறக்கும் செலவுகள் வேறு. மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு பொதுவாக அமெரிக்காவுக்கு வெளியே செல்லாது. ஆனாலும் மாதச் சந்தா (2025-இல் 185 டாலர்) கட்டிப் பலர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். விட்டுவிட்டு என்றாவது ஊர் திரும்பினால், இடைவெளி ஆண்டு ஒன்றுக்கு 10 சதவீதம் கூடுதல் சந்தா, அதுவும் ஆயுள் முழுக்க. எந்த நாட்டில் இருந்தாலும் குடிமகன் என்பதற்காகவே அமெரிக்காவுக்கு ஆண்டுதோறும் வருமானவரிக் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் அதற்குத் தனி அறிக்கை. 2024-இல் ஈக்வடாரில் மழை பொய்த்து, மின்சாரம் தரும் பௌத்தே ஆற்று அணைகள் வற்றியபோது ஒரு நாளில் 14 மணி நேரம் வரை மின்வெட்டு. இன்வெர்ட்டரை எந்தக் கணக்கில் எழுதுவது?

குவென்காவில் எனக்கு மிகவும் உறுத்துவது எதிர்த்திசைப் பயணம். பனாமா தொப்பி என்று உலகம் சொல்லும் தொப்பி பின்னப்படுவது பனாமாவில் அல்ல, இந்த வட்டாரத்தில். 1950-களில் அந்த வியாபாரம் சரிய, இங்கிருந்து ஆட்கள் நியூயார்க்குக்குப் போகத் தொடங்கினார்கள். இன்றும் போகிறார்கள். அந்நகரின் குவீன்ஸ் பகுதியில் கட்டட வேலை, உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. அவர்கள் அனுப்பும் டாலரில்தான் சுற்றுக் கிராமங்களில் மாடிவீடுகள் எழுந்து நிற்கின்றன. பலவற்றில் குடியிருக்க ஆளில்லை. ஓய்வூதிய விசாவில் குவென்கா வரும் அமெரிக்கர் 2025 கணக்குப்படி மாதம் 1,410 டாலர் வருமானம் காட்டினால் போதும். விசா கிடைக்காமல் வடக்கே போகும் குவென்காக்காரர், எல்லை கடத்திவிடும் தரகருக்கு அதைப்போலப் பல மடங்கு கொடுக்கிறார், அதுவும் வட்டிக்கு வாங்கி.