நெல்லிக்காய் சாப்பிட்டால் களை மருந்தின் பாதிப்பு போயிடுமா?

மக்காச்சோளம் விதைத்த சில நாட்களில் கள்ளக்குறிச்சி வயல்களில் ஸ்பிரேயர் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். களை எடுக்க ஆள் கிடைக்காததால் மருந்துதான் கைகொடுக்கிறது. கருணாபுரமோ கல்வராயன்மலை அடிவாரமோ, எங்கிருந்து கூலிக்குப் போனாலும் டேங்க்கை முதுகில் மாட்டுபவர்களில் பலர் கல்யாணத்துக்கோ குழந்தைக்கோ காத்திருக்கும் இளைஞர்கள். "மருந்து அடிச்சா ஆண்மை குறையுமாமே, நெல்லிக்காய் சாப்பிட்டா சரியாயிடுமா?" என்ற சந்தேகம் அவர்களுக்கு வருவது நியாயம்தான்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் அடிக்கும் அட்ரசின், ஆய்வக எலிகளில் ஆண் ஹார்மோனையும் விந்தணு எண்ணிக்கையையும் குறைத்திருக்கிறது. பாராகுவாட் போன்றவை செல்களில் 'ஆக்சிஜனேற்ற' சிதைவை உண்டாக்குகின்றன. விந்தணுவின் மேலுறையில் எளிதில் கெடும் கொழுப்பு அதிகம். அதனால் அடி அங்கே பலமாக விழுகிறது.

மனிதர்களிடமும் இதற்கு முன் நடந்திருக்கிறது. நூற்புழுவைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்தைத் தயாரித்த கலிபோர்னியா தொழிற்சாலையில், ஆண் தொழிலாளர்கள் பலருக்கு விந்தணு இல்லை அல்லது குறைவு என்பது 1977இல் தெரியவந்தது. மருந்தை விட்டு விலகிய பிறகு சிலர் மீண்டார்கள், சிலர் மீளவே இல்லை.

நெல்லியும் மஞ்சளும் உதவுமா?

நெல்லியின் வைட்டமின் சி, மஞ்சளின் குர்குமின், வெங்காயத்தின் குவெர்செடின், தக்காளியின் லைகோபீன் ஆகியவை ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை. அட்ரசினுடன் குவெர்செடினையும் சேர்த்துக் கொடுத்த எலிகளில் பாதிப்பு குறைந்தது. ஆனால் அது அளந்து கொடுத்த டோஸ். நம்ம குழம்பில் போடும் வெங்காயம் அல்ல. குழந்தையின்மைக்காக சிகிச்சைக்கு வந்த ஆண்களுக்கு வைட்டமின் சி, ஈ, லைகோபீன் உள்ளிட்ட மாத்திரைகள் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2020இல் வெளியானது. அதில் விந்தணு தரம் மேம்படவில்லை. காய்கறி, பழம் தாராளமா சாப்பிடுங்க, உடம்புக்கு நல்லது. ஆனால் அதை நம்பி கையுறையைக் கழற்றிடாதீங்க.

கவனிக்க வேண்டியவை

• டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறம் (சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை) உடனடி நச்சுத்தன்மையை மட்டுமே காட்டும். பச்சை என்றால் விந்தணுவுக்குப் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை.
• கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை, பூட்ஸ் அவசியம். காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள். நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள்.
• வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் குளியுங்கள். துணியைத் தனியாகத் துவையுங்கள்.
• கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது 2022 மத்திய அரசு உத்தரவு.
• ஒரு வருடம் முயன்றும் குழந்தை இல்லையென்றால் கணவனும் பரிசோதனைக்குப் போக வேண்டும். மனைவியை மட்டும் குறை சொல்லாதீர்கள். விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும். மருந்து அடித்த விவரத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருந்து வாய்க்குள் போய்விட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம். பாராகுவாட்டுக்கு மாற்று மருந்தே இல்லை. உடனே 108க்கு அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, பயிர் சந்தேகங்களுக்கு 1800-180-1551.