காற்றின் மேல் விழுந்த பழி

மலேரியா என்னும் சொல்லை அறியாதவர் தோட்டப்புறத்தில் இருக்கமாட்டார். அதை ஆங்கிலச் சொல் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அது இத்தாலிய மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. 'மாலா' என்றால் கெட்ட; 'ஆரியா' என்றால் காற்று. 'கெட்ட காற்று' என்பதே அதன் பொருள்.

காய்ச்சலுக்கும் காற்றுக்கும் என்ன தொடர்பு? அக்காலத்தில் ரோமாபுரியைச் சுற்றிலும் சதுப்பு நிலங்கள் இருந்தன. கோடை வந்தால் அங்கே குளிர்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொள்ளைகொள்ளும். சேற்றிலிருந்து எழும் நாற்றக் காற்றே காரணம் என மக்கள் நம்பினர். 1740இல் இத்தாலிக்குச் சென்றிருந்த ஹோரஸ் வால்போல் என்னும் ஆங்கிலேயர் தம் கடிதத்தில் இச்சொல்லை எழுதினார். காற்றைக் குறித்த சொல், நாளடைவில் நோய்க்கே பெயராயிற்று.

நம்மவர் இதனை முறைக்காய்ச்சல் என்றனர். விட்டுவிட்டு முறைவைத்து வருவதால் அப்பெயர். தமிழர் கண்டதைச் சொன்னார்கள். இத்தாலியர் ஊகித்ததைச் சொன்னார்கள்.

சதுப்பைச் சந்தேகித்தது சரி. காற்றைக் குற்றம் சொன்னதே தவறு. 1880இல் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவரான், நோயாளியின் இரத்தத்தில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதனைக் கொசுவின் வயிற்றில் கண்டார். மறு ஆண்டே, மனிதருக்கு இந்நோயைக் கொண்டுவருவது அனோபிலிஸ் கொசு என்று இத்தாலியரான கிராஸியும் அவர் தோழர்களும் மெய்ப்பித்தனர். சொல் பிறந்த நாட்டிலேயே அதன் பொருள் பொய்த்தது!

காற்றுதான் காரணம் என்றால் சன்னலை அடைத்துக்கொண்டு கிடக்கலாம். கொசு என்று தெரிந்ததும் மண்வெட்டிக்கு வேலை வந்தது. 1901இல் கிள்ளானில் பணியேற்ற மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரைக் கால்வாய் வெட்டி வடியச் செய்தார்; சாவு குறைந்தது. ஆனால், ரப்பர் போடக் காடழித்த குன்றுப்புறத் தோட்டங்களில் நம் முன்னோர் பலர் தொடர்ந்து மடிந்தனர். அங்கே, வெயில் படும் தெளிந்த ஓடையிலேயே வேறொரு வகை அனோபிலிஸ் கொசு வளர்வதை வாட்சன் கண்டார். நாற்றமே இல்லாத நீர்! அதனைக் குழாய் பதித்து மண்ணுக்கடியில் ஓடச் செய்தார்.

2018இல், மனிதரிடையே பரவும் மலேரியா மலேசியாவுக்குள் ஒருவருக்கும் தொற்றவில்லை. ஆயினும், குரங்கிடமிருந்து கொசு கொண்டுவரும் வகை இன்னும் உயிரைக் குடிக்கிறது. காட்டோரம் வேலைக்குப் போய்வந்தவருக்குக் குளிரும் காய்ச்சலும் கண்டால், 'காத்துக் கருப்பு அடித்துவிட்டது' என்று மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். அதுவும் காற்றின் மேல் போடும் பழிதான். அன்றே மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.