பட்டம் சூட்டுவதா, எண்ணிப் பார்ப்பதா?

ஆசிரியர் அறையில் மாணவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் சில சொற்களை எளிதில் பயன்படுத்திவிடுகிறோம். ஒருவன் சோம்பேறி, இன்னொருவன் அடங்காதவன், மற்றொருத்தி கவனமில்லாதவள். இச்சொற்கள் தீர்ப்பைக் கூறுகின்றன; நிகழ்ந்தது இன்னதென்று கூறுவதில்லை. அவற்றுள் ஒரு சுழலும் ஒளிந்திருக்கிறது. அவன் ஏன் பயிற்சியை முடிக்கவில்லை என்று கேட்டால், சோம்பேறி என்கிறோம். சோம்பேறி என்பது எவ்வாறு தெரியும் என்று கேட்டால், பயிற்சியை முடிக்கவில்லையே என்கிறோம். காரணத்தைக் கண்டுவிட்டதாக எண்ணுகிறோம். உண்மையில் ஒரே செய்தியை இருமுறை சொல்லியிருக்கிறோம்.

இச்சுழலிலிருந்து வெளிவர உதவும் துறைகளுள் ஒன்று பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு. இத்துறைக்கெனத் தனி ஆய்விதழ் 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே டொனால்ட் பேர், மான்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி ஆகிய மூவரும் இத்துறைக்குரிய ஏழு இயல்புகளை அதில் வரையறுத்தனர். அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே காண்போம். முதலாவது, நடத்தையை அளந்தறிய வேண்டும். இரண்டாவது, மாற்றம் நம் செயலால்தான் விளைந்தது என்பதை மெய்ப்பிக்க வேண்டும்.

அளப்பதற்கு முன் வரையறுத்தல் வேண்டும். இது முதலில் ஒரு மொழிப்பணி. ‘கவனமின்மை’ என்பதை எண்ண இயலாது. ‘இருக்கையை விட்டு எழுகிறான்’, ‘அருகிலிருப்பவருடன் பேசுகிறான்’ என்பவற்றை எண்ணலாம். பண்பைக் குறிக்கும் பெயரை நீக்கி, கண்ணால் காணக்கூடிய வினையை அவ்விடத்தில் வைக்கிறோம். அம்மாணவனை முன்பின் அறியாத ஒருவர் படித்தாலும் நாம் எண்ணியதையே எண்ணுவார் என்றால், வரையறை நன்று. ஆக்டன் லிண்ட்ஸ்லி என்னும் அறிஞர் மேலும் ஒரு சோதனையை முன்வைத்தார்: இறந்தவராலும் செய்யக்கூடியது எதுவோ, அது நடத்தையன்று. ‘சத்தமிடாதிருத்தல்’ இச்சோதனையில் தோற்றுவிடும். ‘கையுயர்த்தி வினா எழுப்புதல்’ வென்றுவிடும்.

எதை அளப்பது என்பது நடத்தையின் தன்மையைப் பொறுத்தது. தொடக்கமும் முடிவும் தெளிவாக உள்ள செயலின் எண்ணிக்கையைக் குறிக்கலாம். ஆனால் காலத்தையும் உடன் குறிக்க வேண்டும்: பத்து நிமிடத்தில் ஐந்து முறை என்பதும் ஐம்பது நிமிடத்தில் ஐந்து முறை என்பதும் ஒன்றல்ல. அழுகை போன்றவற்றுக்கு, அது நீடித்த நேரமே பொருத்தமான அளவு. ‘எழுதத் தொடங்குங்கள்’ என்று கூறியதிலிருந்து பேனா தாளைத் தொடும்வரை கழியும் நேரத்தை அளப்பது மற்றொரு முறை. தொடர்ந்து நிகழும் நடத்தைக்கு நேரத்தைச் சிறுசிறு இடைவெளிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் அது நிகழ்ந்ததா என்று குறித்துக்கொள்ளலாம்.

அளவுகோலையும் ஐயுற வேண்டும். ஆகவே, இருவர் ஒரே நேரத்தில் தனித்தனியே உற்றுநோக்கி, குறிப்புகளை ஒப்பிடுவர். முப்பது நிமிடத்தைப் பத்து விநாடி இடைவெளிகளாகப் பகுத்தால் 180 இடைவெளிகள் கிடைக்கும். அவற்றுள் 162இல் இருவரும் ஒத்திருந்தால் ஒப்புமை 90 விழுக்காடு. 80 விழுக்காட்டிற்குக் குறைந்தால், குறை கூறவேண்டியது மாணவனையன்று, நம் வரையறையைத்தான்.

இவை அனைத்தும் ஒன்றுசேர்ந்த ஓர் ஆய்வு அவ்விதழின் முதல் ஆண்டிலேயே வெளிவந்தது. வான்ஸ் ஹால், டையன் லண்ட், டெலோரிஸ் ஜாக்சன் ஆகியோர் கான்சஸ் மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில் ஏழ்மை மிகுந்த பகுதியிலிருந்த பள்ளிகளில் அதனை நடத்தினர். மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் ரப்பர் வளையத்தைச் சுண்டுவான். சட்டைப்பையிலுள்ள பொம்மைகளை எடுத்து விளையாடுவான். பால் குடித்த வெற்றுப் பெட்டியையும் விளையாட்டுப் பொருளாக்குவான். உற்றுநோக்கிய நேரத்தில் அவன் படித்தது சராசரியாக 25 விழுக்காடு மட்டுமே. அளவீடு மற்றோர் உண்மையையும் காட்டியது. ஆசிரியர் அவன்மீது செலுத்திய கவனத்தில் 55 விழுக்காடு, அவன் படிக்காத வேளைகளுக்குப் பின்னரே வந்தது. எண்ணத் தொடங்கியது சிறுவனின் நடத்தையை. வெளிப்பட்டதோ ஆசிரியரின் நடத்தையும்தான்.

பின்னர், அவன் படிக்கும் வேளையில் ஆய்வாளர் ஒரு வண்ணத் தாளை உயர்த்திக் காட்டுவார். உடனே ஆசிரியர் அவனருகே சென்று பாராட்டுவார். படிக்கும் நேரம் 71 விழுக்காடாக உயர்ந்தது. இவ்விடத்தில் மகிழ்ந்து நிறுத்திவிடுவதே நம் இயல்பு. ஆனால் அந்நாள்களில் பாடம் எளிதாக இருந்திருக்கலாம். வீட்டுச் சூழல் மாறியிருக்கலாம். ‘முன்’, ‘பின்’ என்னும் ஒப்பீடு இந்த ஐயங்களை நீக்காது. ஆகவே ஆய்வாளர்கள் பாராட்டை நிறுத்தச் செய்தனர். அளவு 50 விழுக்காட்டிற்கு இறங்கியது. மீண்டும் தொடங்கினர், 70 முதல் 80 விழுக்காட்டிற்கு ஏறியது. அது பழைய 25க்கு முழுதும் வீழவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆயினும் பாராட்டு வந்தபோது ஏறி, நின்றபோது இறங்கி, மீண்டபோது ஏறிய கோட்டைத் தற்செயல் என்பது அரிது. இதுவே மீள்நிலை வடிவமைப்பு. இங்கே ஒரு மாணவன் மற்றொரு மாணவனோடு ஒப்பிடப்படுவதில்லை. அவனுக்கு அவனே ஒப்பீடு.

இம்முறை எல்லா இடத்திற்கும் பொருந்தாது. வாசிக்கக் கற்ற குழந்தையை, அதை மறக்கும்படிச் செய்ய இயலாது. தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் குழந்தைக்குப் பயனளிக்கும் உதவியை, மெய்ப்பிப்பதற்காக நிறுத்துவது அறமாகாது. அத்தகைய வேளைகளில் பன்முக அடிநிலை வடிவமைப்பு கைகொடுக்கும். மூன்று மாணவர்களின் தொடக்கநிலையை ஒரே காலத்தில் அளக்கத் தொடங்கி, உதவியை ஒருவருக்குப் பின் ஒருவராக வெவ்வேறு நாளில் அளிக்கிறோம். ஒவ்வொருவரிடமும் அவரவர் முறை வந்த பின்னரே மாற்றம் தோன்றினால், எதையும் நிறுத்தாமலேயே சான்று கிடைத்துவிடும். எனினும், கடைசி மாணவர் காத்திருக்கும் காலம் நீளாமல் பார்த்துக்கொள்வதும் நம் கடமை.

வகுப்பறை ஆசிரியர் ஆய்வாளராக வேண்டியதில்லை. ஒரே ஒரு நடத்தையைத் தெளிவான வினைச்சொல்லால் எழுதி, ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எண்ணிப் பார்த்தாலே போதும். நாம் நினைத்ததைவிட அது குறைவாகவே நிகழ்கிறது என்று தெரியவரலாம். அதற்கு முன்பும் பின்பும் நாம் செய்பவையும் புலப்படலாம். பட்டம் மாணவனின் பெயரோடு ஒட்டிக்கொண்டு அடுத்த வகுப்பிற்கும் செல்லும். எண்ணிக்கையோ மாறக்கூடியது. மாற வாய்ப்புண்டு என்று ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லவல்ல மொழியே ஆசிரியருக்குரிய மொழி.