கேள்வி கேட்க ஓர் ஆள்

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 14ஆவது ஆட்டத்தில் டிங் லிரெனை வீழ்த்தி, 18 வயதில் உலக சதுரங்க சாம்பியன் ஆனார் சென்னைப் பையன் குகேஷ். அந்த வெற்றியோடு சேர்த்துப் பேசப்பட்ட பெயர்களில் ஒன்று பேடி அப்டன். தென்னாப்பிரிக்கர், சதுரங்கம் அவருடைய துறையே அல்ல. காய் நகர்த்தல்களைப் பார்த்துக்கொள்ள போலந்தின் கிராண்ட்மாஸ்டர் கஜேவ்ஸ்கி தலைமையில் தனிக் குழு இருந்தது. அப்டனின் வேலை வேறு. குகேஷ் முதல் ஆட்டத்திலேயே வெள்ளைக் காய்களோடு ஆடித் தோற்றார். 11ஆவது ஆட்டத்தில் முன்னிலை பெற்று, அடுத்த ஆட்டத்திலேயே அதைப் பறிகொடுத்தார். இப்படி அடி வாங்கிய பிறகு மறுபடி என்ன மனநிலையோடு பலகை முன்னால் போய் உட்காருவது? அப்டன் வந்தது அதற்காகத்தான். 2011இல் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்கும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணிக்கும் அவர் செய்து கொடுத்ததும் இதே வேலைதான்.

விளையாட்டு வீரருக்கு கோச் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இப்போது வங்கி மேலாளருக்கு கோச் இருக்கிறார். ஸ்டார்ட்அப் முதலாளிக்கு, வேலை மாற நினைக்கும் பொறியாளருக்கு, பிள்ளை சொல்பேச்சுக் கேட்கவில்லை என்று தவிக்கும் அம்மாவுக்கும்கூட இருக்கிறார். லைஃப் கோச், எக்ஸிகியூட்டிவ் கோச், கேரியர் கோச், பேரன்டிங் கோச் என்று லிங்க்ட்இன் பக்கங்களில் பலகைகள் தொங்குகின்றன. நீட், டிஎன்பிஎஸ்சி கோச்சிங் சென்டர் வகையறா அல்ல இது. இங்கே பாடத்திட்டம் நீங்கள்தான். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி அப்போது உலகம் முழுவதும் இந்தத் தொழிலில் இருந்தவர்கள் சுமார் 1,09,200 பேர். 2019இல் இது 71,000. ஆண்டு வருமானம் 456 கோடி டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஏறக்குறைய 38 ஆயிரம் கோடி ரூபாய்!

இந்தத் தொழிலின் பூர்விகம் அமெரிக்க டென்னிஸ் மைதானம். ஹார்வர்டு பல்கலைக்கழக டென்னிஸ் அணியின் கேப்டனாக இருந்த திமோத்தி கால்வே, 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். மட்டையை இப்படிப் பிடி, முழங்காலை மடக்கு, தோளைத் திருப்பு என்று கட்டளைகளை அடுக்கினால் மாணவர்கள் இறுகிப்போகிறார்கள் என்பதைக் கவனித்தார். பிறகு கட்டளைகளை நிறுத்திவிட்டு ஒரே ஒரு வேலை கொடுத்தார். பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கவனம் பந்தின்மேல் போனதும் கையும் காலும் தாமாகவே ஒழுங்குக்கு வந்தன. 1974இல் வெளியான அவருடைய ‘தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்’ புத்தகத்தை டென்னிஸ் ஆடாதவர்கள்தான் அதிகம் படித்தார்கள் என்று தோன்றுகிறது. அந்தச் சிந்தனையை அலுவலகங்களுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர், ஐரோப்பிய கார் பந்தய சாம்பியனாக இருந்த பிரிட்டன்காரர் ஜான் விட்மோர். என்ன வேண்டும், இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப்போகிறாய் என்ற நான்கு கேள்விகளின் வரிசை அவருடைய 1992 புத்தகத்தால் உலகமெங்கும் பரவியது. இன்றும் பல கோச்சிங் வகுப்புகளில் முதல் பாடம் அதுதான்.

கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். நடைமுறையில் எப்படி என்று பார்ப்போம். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவன மேலாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“டீம்ல யாருமே பொறுப்பா இல்லைங்க மேடம்.”

“கடைசியா எப்ப அப்படித் தோணுச்சு?”

“போன வெள்ளிக்கிழமை. ரிப்போர்ட் வரவே இல்ல.”

“நீங்க என்ன சொல்லிக் கேட்டீங்க?”

“சீக்கிரம் அனுப்புங்கன்னு சொன்னேன்.”

“யார்கிட்ட?”

“...குரூப்ல போட்டேன்.”

“எத்தனை மணிக்குள்ளன்னு?”

இங்கே அந்த மேலாளர் கொஞ்ச நேரம் பேச மாட்டார். யாரிடம் என்று சொல்லாமல், எப்போது என்று சொல்லாமல் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு, மூன்று நாள் கோபமாக இருந்திருக்கிறார். இதையே அவருடைய மனைவி சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். மேலதிகாரி சொல்லியிருந்தால் வருடாந்திர மதிப்பீட்டுக்குக் குறித்து வைத்துவிட்டார் என்று பயம் வந்திருக்கும். கோச் அதைச் சொல்லவே இல்லை, கேட்டார், அவ்வளவுதான். நல்ல கோச்சுக்கு இதற்குத்தான் சம்பளம்.

கேள்வியைவிடவும் பெரியது, பக்கத்தில் நின்று பார்ப்பது. இதற்கு நான் படித்ததிலேயே நல்ல சாட்சி பாஸ்டனில் பணியாற்றிய அறுவை சிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டே. இந்தியாவிலிருந்து போய்க் குடியேறிய மருத்துவத் தம்பதியின் மகன். 2,000க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளை முடித்த பிறகு, தன் திறமை வளர்வது நின்றுவிட்டதாக அவருக்குத் தோன்றியது. பயிற்சிக் காலத்தில் தனக்குக் கற்றுக்கொடுத்த, ஓய்வுபெற்ற ராபர்ட் ஆஸ்டீனை அறுவை அரங்குக்குள் அழைத்தார். தைராய்டு அறுவை சிகிச்சை. ஆஸ்டீன் வாயே திறக்கவில்லை. சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். தன் கணக்கில் எல்லாம் கச்சிதம் என்றுதான் கவாண்டே நினைத்தார்.

வெளியே வந்து உட்கார்ந்ததும் நோட்டு திறந்தது. நோயாளியின்மேல் துணி போர்த்திய விதம் கவாண்டேவுக்கு மட்டும் வசதி. எதிரே நின்ற உதவியாளருக்கு இடைஞ்சல். அவருடைய வலது முழங்கை அவ்வப்போது தோள் உயரத்துக்கு எழும்புகிறது; முழங்கை அந்தரத்தில் இருந்தால் விரலில் நுணுக்கம் வராது. நடுவில் மேல்விளக்கு நகர்ந்துவிட்டது. ஏறத்தாழ அரை மணி நேரம் எங்கோ பட்டுத் தெறித்த வெளிச்சத்தில்தான் வேலை நடந்திருக்கிறது. அறுத்தவருக்கு அது தெரியவே இல்லை. அந்த இருபது நிமிடப் பேச்சில் கிடைத்த அளவு முந்தைய ஐந்து ஆண்டுகளில் தனக்குக் கிடைக்கவில்லை என்ற பொருளில் கவாண்டே 2011இல் ‘தி நியூயார்க்கர்’ இதழில் எழுதினார். உச்சத்தில் இருப்பவனுக்கும் கோச் தேவை என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. கூகுளின் தலைமைப் பொறுப்புக்கு வந்த எரிக் ஷ்மிட்கூட, கோச் வைத்துக்கொள் என்று 2001இல் சொல்லப்பட்டபோது முதலில் முகம் சுளித்தவர்தான். அவருக்குக் கிடைத்த பில் கேம்ப்பெல், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு கோச்சாக இருந்தவர். ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் நெருங்கிய ஆலோசகர். வாரக் கூட்டத்தை வேலையில் ஆரம்பிக்காமல், வார விடுமுறையில் எங்கே போனீர்கள் என்ற பேச்சில் ஆரம்பிக்க வைத்தவர் அவர்.

சரி, நம் ஊரில் இந்தத் தேவை ஏன் இப்போது வந்தது? கூட்டுக் குடும்பம் போச்சு, பெரியவர்கள் போனார்கள், அதனால் காசு கொடுத்து அந்நியரிடம் புலம்புகிறோம் என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. தாய்மாமனும் பெரியப்பாவும் நமக்கு வழி காட்டினார்கள், உண்மை. ஆனால் அவர்கள் கேள்வி கேட்டது எப்போது? “பேங்க் பரீட்சை எழுது”, “இந்த வரன்தான் சரி” என்று தீர்ப்பைத்தான் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பில் குடும்ப கௌரவம், சொத்து, சாதி, பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று எல்லாக் கணக்கும் கலந்திருந்தது. அவர்களுக்கு ஒரு கட்சி இருந்தது. கோச் என்பவர் நம் முடிவில் லாப நஷ்டம் இல்லாத ஆள். வீட்டுக்கு முதல் பட்டதாரியாக வந்து, பெங்களூரிலோ சென்னையிலோ முப்பது பேரை மேய்க்கும் பதவியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, சம்பள உயர்வு கேட்பது எப்படி என்று சொல்லித்தர எந்த மாமாவுக்கும் தெரியாது. அவருக்கு கோச் ஆடம்பரம் அல்ல. கொரோனாவுக்குப் பிறகு வீடியோ அழைப்பு பழகிவிட்டதால் திருநெல்வேலியில் இருந்துகொண்டே மும்பை கோச்சிடம் பேசவும் முடிகிறது.

ஆனால் கோச்சிங்குக்கும் ஓர் எல்லை உண்டு. அதை உத்தரப் பிரதேசம் காட்டியது. கவாண்டே தொடர்புடைய ஆய்வுக் குழு, அங்கே 24 மாவட்டங்களில் 120 சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய சோதனை நடத்தியது. பாதி இடங்களுக்கு மட்டும் உலக சுகாதார நிறுவனத்தின் 28 அம்சப் பிரசவப் பாதுகாப்புப் பட்டியலைக் கையில் கொடுத்து, எட்டு மாதம் கோச்களை அனுப்பினார்கள். கோச்கள் பெரும்பாலும் செவிலியர்கள். பிரசவ அறையில் நின்று பார்த்து, கை கழுவினீர்களா, ரத்த அழுத்தம் பார்த்தீர்களா என்று மிரட்டாமல் பேசிப் பழக்கினார்கள். முடிவு 2017 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. பார்வையிட்ட 18 அத்தியாவசியச் செயல்களில், கோச் வந்த இடங்களில் இரண்டாம் மாதத்தில் 73 சதவீதம் சரியாக நடந்தது. வராத இடங்களில் 42. கோச்கள் விடைபெற்ற பிறகு, 12ஆவது மாதத்தில், அந்த 73 என்பது 62 ஆனது. இதுவே பெரிய முன்னேற்றம்தான். ஆனால் தாய்-சேய் மரணமும் கடுமையான சிக்கல்களும்? 15.1 சதவீதம் எதிர் 15.3 சதவீதம். வித்தியாசமே இல்லை.

கோச் ஆளை மாற்றலாம். ஆள் நிற்கும் இடத்தை மாற்ற முடியாது. இரத்தம் இல்லாத, ஆம்புலன்ஸ் வராத, சிக்கலான பிரசவத்தைக் கையாளத் தெரிந்த மருத்துவர் இல்லாத இடத்தில் செவிலியர் கை கழுவுவது மட்டும் போதாது. நம் நிறுவனங்கள் இதைப் படித்துவிட்டு கோச்சிங்குக்குப் பணம் ஒதுக்கினால் நல்லது. மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவர் சோர்ந்துபோனதும் “மன உறுதி வளர்க்க” ஒரு கோச்சை அனுப்புவது ஏமாற்று வேலை. அங்கே தேவை இன்னும் இரண்டு ஆட்கள்.

அடுத்த சிக்கல் போலிகள். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்ட இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். லைஃப் கோச் என்று மாட்ட எந்தப் பதிவும் வேண்டாம். நாளைக் காலை நீங்களே மாட்டலாம். முன்னே சொன்ன சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, அடிப்படைச் சான்றிதழுக்கே குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் கேட்கிறது. உச்சச் சான்றிதழுக்கு 2,500 மணி நேர அனுபவம். அது சட்டம் அல்ல, விரும்பியவர் வாங்கிக்கொள்ளும் முத்திரை. இந்த ஓட்டையில்தான் ஒரு வார வகுப்பு முடித்தவர்களும், அதுவும் முடிக்காதவர்களும், “90 நாளில் உங்கள் வாழ்க்கையை மாற்றுகிறேன்” என்று கிளம்புகிறார்கள். அவர்கள் கேள்வி கேட்பதில்லை, பார்ப்பதும் இல்லை. ஹோட்டல் ஹாலில் ஆயிரம் பேரைக் கூட்டிப் பாட்டுப் போட்டுக் கத்துவார்கள். முடிவில் “அட்வான்ஸ்டு” பேக்கேஜ் விற்பார்கள். விலை ஏற ஏற, வாங்கியவர் அது பலிக்கவில்லை என்று வெளியே சொல்லக் கூசுவார்.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்க சுயமுன்னேற்றப் பேச்சாளர் ஜேம்ஸ் ஆர்தர் ரே ஓர் உதாரணம். ஏறக்குறைய 10,000 டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு, 2009 அக்டோபரில் அரிசோனாவின் செடோனா அருகே, கொதிக்கும் நீராவிக் கூடாரத்துக்குள் ஆட்களை உட்கார வைத்தார். மூன்று பேர் செத்தார்கள். 2011இல் நீதிமன்றம் அவருக்கு இரண்டு ஆண்டு சிறை விதித்தது. நம் ஊரில் பெரும்பாலும் போவது பணம். பங்குச் சந்தைப் பாடம் என்ற பெயரில் அனுமதியில்லாமல் முதலீட்டு ஆலோசனை விற்ற ஒரு யூடியூபர் தரப்பிடமிருந்து 17.2 கோடி ரூபாயை முடக்க 2023 அக்டோபரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி உத்தரவிட்டது. பணம் சம்பாதிக்கக் கற்றுத்தருகிறேன் என்பவர் சந்தையில் சம்பாதிக்கிறாரா, உங்களிடமிருந்து சம்பாதிக்கிறாரா என்று பார்க்க அதிக புத்தி வேண்டாம்.

ஆகவே கோச்சிடம் போவதில் தப்பில்லை, போகும்போது கொஞ்சம் உஷாராகப் போங்கள். முதல் பேச்சில் யார் அதிக நேரம் பேசினார் என்று பாருங்கள். அவரே பேசிக்கொண்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எத்தனை அமர்வு, எவ்வளவு கட்டணம், நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். “இன்றைக்கே கட்டினால் பாதி விலை” என்றால் கட்டாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லுங்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலையில் இருப்பவருக்குக் கோச் தேவை இல்லை, மருத்துவர் தேவை. மத்திய அரசின் ‘டெலி மனஸ்’ எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.