பள்ளிக்கூடத்துச் சாவி

1964 அக்டோபர் 23. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் பெண்கள் வாலிபால் அணி சோவியத் யூனியனை வீழ்த்தித் தங்கம் வென்ற நாள். வென்ற அணியில் பெரும்பாலோர் நிச்சிபோ என்ற நூற்பாலைக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். டிவியில் அந்த ஆட்டத்தைப் பார்த்த குடும்பப் பெண்கள் பலருக்குத் தாங்களும் பந்தைத் தொட வேண்டும் என்ற ஆசை வந்தது. ஆனால் எங்கே போய் ஆடுவது? ஊருக்கு ஊர் பொது விளையாட்டரங்கு கிடையாது. ஊருக்கு ஊர் இருந்தது பள்ளிக்கூடம்தான்.

அன்று

பள்ளி வசதிகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம் என்று 1949லேயே சமூகக் கல்விச் சட்டம் சொல்லியிருந்தது. 1961இன் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டமும் அதையே வலியுறுத்தியது. இருந்தும் சாவி பள்ளியிடமே இருந்தது. ஆசிரியர்கள் முறைவைத்து இரவில் தங்கிக் கட்டடத்தைக் காத்த காலம் அது. வெளியாள் ஒருவர் விழுந்து காலை முறித்துக்கொண்டால், ஜன்னல் கண்ணாடி உடைந்தால், பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். அந்தப் பயத்தோடு கதவைத் திறக்க யாருக்கு மனசு வரும்?

முடிச்சு அவிழ்ந்தது 1976இல். கல்வி அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பியது: பொதுமக்கள் ஆடும் நேரத்துக்குப் பொறுப்பு பள்ளியுடையது அல்ல, உள்ளூர்க் கல்வி வாரியத்துடையது. என் பார்வையில் இரண்டு சட்டங்களைவிடப் பெரிய காரியம் இது. 'மமாசான் வாலிபால்' எனப்படும் அம்மாக்களின் வாலிபாலுக்கு 1970இலேயே தேசியப் போட்டி தொடங்கிவிட்டது. அணிக்கு ஒன்பது பேர். அவர்கள் பழகிய இடங்களில் முக்கியமானது பக்கத்துப் பள்ளியின் உள்விளையாட்டரங்கம்.

இன்று

சாயங்காலம் ஏழு மணி. வாசலில் தெருச்செருப்பைக் கழற்றிவிட்டு, அரங்குக்கென்று வைத்திருக்கும் ஷூவை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். கம்பத்தைத் தூக்கிவந்து நட்டு, வலை கட்டுகிறார்கள். ஒன்பது மணி நெருங்கியதும் ஆட்டம் நிற்கிறது. நீளத் துடைப்பத்தால் தரை முழுவதையும் துடைத்து, எத்தனை பேர் வந்தார்கள், யாருக்காவது அடிபட்டதா, விளக்கை அணைத்தாயிற்றா என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். மறுநாள் காலை பிள்ளைகள் வரும்போது தரை பளிச்சென்று இருக்கும்.

ஆட வருவோர் ஊர்க்காரர்களாகச் சேர்ந்து பெயர் பதிந்த குழுக்கள். இந்தப் பதிவின் அருமை 2001இல் தெரிந்தது. ஒசாகாவின் இகேதா தொடக்கப் பள்ளிக்குள் புகுந்த ஒருவன் 8 குழந்தைகளைக் குத்திக் கொன்றான். அதன்பின் நாடெங்கும் பள்ளிகளின் பகல்நேரக் கதவுகள் இறுகின. மாலைநேர ஆட்டம் நிற்கவில்லை. உள்ளே வருவது யார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

சாவியும் மாறிவருகிறது. அக்கம்பக்கத்து வீட்டிலோ அலுவலகத்திலோ போய் வாங்கிவந்த சாவிக்குப் பதிலாக, சில ஊர்களில் இப்போது இணையத்தில் முன்பதிவு, கதவில் எண்பூட்டு. குறையும் உண்டு. பழைய குழுக்களே நல்ல நேரங்களை வைத்துக்கொள்வதால், புதிதாக வருவோருக்கு இடம் கிடைப்பது கடினம். இதைச் சரிசெய்யாமல் 'பொது' என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

ஜப்பானின் விளையாட்டு வசதிகளில் ஏறக்குறைய 60 சதவீதம் பள்ளிகளுக்குள்தான் இருக்கிறது. 2011இன் விளையாட்டு அடிப்படைச் சட்டமும், படிப்புக்கு இடையூறில்லாத வரை அவற்றைத் திறக்க முயல வேண்டும் என்கிறது. 2023 முதல் அரசு நடுநிலைப் பள்ளிகளின் வார இறுதி விளையாட்டுப் பயிற்சியைப் படிப்படியாக ஊர்க் கிளப்புகளிடம் ஒப்படைத்துவருகிறார்கள். ஒரு காலத்தில் உள்ளே வர அனுமதி கேட்ட ஊர், இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கே ஆட்டம் சொல்லித்தருகிறது.

உங்கள் ஊரிலும் மாலையானால் இருண்டு கிடக்கும் பள்ளி மைதானம் இருக்கலாம். தலைமையாசிரியரைக் குறைசொல்ல வேண்டாம். அவர் தலையில் இருக்கும் பொறுப்பை யார் ஏற்பது என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து பெயர் கொடுங்கள். ஆடி முடித்ததும் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறோம் என்று எழுதிக் கொடுங்கள். பொறுப்பேற்க ஆள் இருந்தால் கதவு திறக்கும்.