"சே!" என்றால் பார்!
நார்வே பாஷையில் ஐம்புலன்கள் படும் பாடு

நமக்கு ஒரு காரியம் பிடிக்கவில்லை என்றால் என்ன சொல்கிறோம்? "சே!" என்கிறோம். நார்வே தேசத்தில் யாராவது உங்கள் தோளைத் தட்டி "சே!" என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏதோ நல்ல காட்சியைக் காட்டுகிறார் என்று அர்த்தம். அந்த ஊர்ப் பாஷையில் "சே" என்றால் "பார்!"

கண், காது, மூக்கு, நாக்கு, மெய் ஆகிய ஐந்தின் தொழிலுக்கும் உரிய சொற்களை ஒரே மாலையில் நெட்டுருப் போட்டுவிடலாம். பார்ப்பது "சே". கேட்பது "ஹோரெ". முகர்வது "லுக்தெ". சுவைப்பது "ஸ்மாக்கெ". உடம்பில் உணர்வது "ஷென்னெ". (இந்தக் கடைசிச் சொல் நம் சென்னைப் பட்டணத்துக்கு அண்டை வீடு போல் ஒலிக்கிறது அல்லவா?) மறுநாள் காலையில் வாயைத் திறக்கும்போதுதான் வினை ஆரம்பம்!

"நமக்கும் நார்வேக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. 1956-ல் யாழ்ப்பாணத்து அந்தோனி ராஜேந்திரம் அங்கே போய்ச் சேர்ந்தார். பிறகு இலங்கைத் தமிழ் இளைஞர்கள், பரீட்சையே இல்லாத அந்நாட்டு விடுதிப் பள்ளிகளில் படிக்கப் போனார்கள். 1983 கலவரத்துக்குப் பின் போனவர்கள் இன்னும் அதிகம். பலருக்கு வேலை கிடைத்த இடம், நாட்டின் வடகோடியிலுள்ள ஃபின்மார்க். மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை. அங்கே ஹம்மர்ஃபெஸ்ட் போன்ற ஊர்களில் நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன், ஜனவரியின் இரண்டாம் பாதியில்தான் மறுபடி தலை காட்டும்! அந்த இருட்டிலும் குளிரிலும் மீன் அறுத்துக்கொண்டே பாஷை படித்தவர்கள் நம்மவர்கள்.

மிளகாயும் பலசாலியும்

நாக்கிலிருந்து ஆரம்பிப்போம். இனிப்பு "ஸோட்". புளிப்பு "ஸூர்". உப்பு "ஸால்ட்". கசப்பு "பித்தெர்". சரி, காரம்? அதற்கென்று தனிச் சொல் தேடினால் கிடைப்பது "ஸ்டேர்க்". பலமானது என்று பொருள். மல்யுத்த வீரனும் ஸ்டேர்க், கெட்டிக் காப்பியும் ஸ்டேர்க், மிளகாய்க் குழம்பும் ஸ்டேர்க்! ஆறு சுவை எண்ணிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் வறுமையாகத்தான் படுகிறது.

ஆனால் அவர்கள் புளிப்பை வேறு வழியில் செலவு செய்கிறார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவன் "ஸூர்". ஈரக் காற்று எலும்பைக் குத்தும் நாளும் "ஸூர்". அழகான குழந்தையோ "ஸோட்". சுவையைப் பற்றி அங்கே ஒரு பழமொழியும் உண்டு: "ருசியும் பிருஷ்டமும் ஒன்று, இரண்டும் பிளவுபட்டவை!" ஆளுக்கு ஆள் ருசி வேறு என்பதை இப்படிச் சொல்கிறார்கள். நம் ஊர் வாத்தியார் வகுப்பில் சொல்லத் தயங்குவார்.

மூக்கு விஷயத்தில் ஜாக்கிரதை தேவை. பூவை நாம் முகர்வதும் "லுக்தெ", பூ மணப்பதும் "லுக்தெ". ஒருவரிடம் "து லுக்தெர்" என்று மொட்டையாகச் சொன்னால் "நீ நாறுகிறாய்" என்று ஆகிவிடும்! கூடவே "கோட்" என்ற நல்ல வார்த்தையைச் சேர்த்தால்தான் வாசனை. நம் "நாற்றம்" மட்டும் என்ன? ஒரு காலத்தில் நறுமணமாக இருந்து, பிறகு தலைகீழாகிப் போன சொல்தானே! மீன் ஆலை உள்ள ஊர்களில் புதிதாக வந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டால், ஊர்க்காரர் சிரித்துக்கொண்டே, "இது பணத்தின் வாசனை!" என்பாராம். அந்த வாசனையில்தான் பல தமிழ்க் குடும்பங்களின் அடுப்பும் எரிந்தது.

டாக்டர் முன்னால்

கடையில் வார்த்தை தவறினால் சிரிப்போடு போய்விடும். வைத்தியசாலையில்?

கெட்ட வாசனை, கெட்ட ருசி, உடம்பு வலி ஆகிய மூன்றுக்கும் நார்வேக்காரர் "வுன்ட்" என்ற ஒரே சொல்லைப் போட்டு விடுகிறார். வயிற்றில் வுன்ட் என்றால் வயிற்று வலி. டாக்டர் அதோடு விடுவாரா? "என்ன ஷென்னெ செய்கிறாய்?" என்று கேட்பார். எரிச்சலுக்கு "ஸ்வீர்", குத்தலுக்கு "ஸ்திக்கெர்", இடைவிடாத நோவுக்கு "வெர்க்கெர்", அரிப்புக்கு "க்லோர்". கடுக்கிறது, உளைகிறது, சுருக்கென்கிறது, பிசைகிறது என்று தமிழில் பத்து விதமாய்ச் சொல்லத் தெரிந்த தாய், அங்கே உட்கார்ந்து "வுன்ட், வுன்ட்" என்று மட்டும் சொன்னால் வைத்தியம் எப்படி நடக்கும்?

அப்போது பெற்றோருக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தது யார் தெரியுமா? பல வீடுகளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான். அம்மாவின் அந்தரங்க நோயை மகன் வாயால் சொல்ல வேண்டும். டாக்டர் சொல்லும் பொல்லாத செய்தியையும் அவனே தாயிடம் சொல்ல வேண்டும். எவ்வளவு பெரிய பாரம்! 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், அவசர நிலை போன்ற விதிவிலக்குகள் தவிர, இதற்குக் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. வைத்தியத்துக்கு அவசியமானால் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பொது நிர்வாகத்தின் கடமை என்றும் சொல்கிறது. நல்ல சட்டம். முன்பே வந்திருக்கலாம்.

குளிர் பற்றியும் ஒன்று. "எனக்குக் குளிர்கிறது" என்பதற்கு அங்கே "யெய் ஃப்ரீஸெர்", அதாவது "நான் உறைகிறேன்" என்பார்கள். ஆங்கிலத்தைப் பின்பற்றி "யெய் எர் கால்" என்றால், தொட்டால் சில்லென்றிருக்கும் உடம்பு, அல்லது ஈரமில்லாத மனம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

காதுக்கு வேலை

நார்வே பாஷையில் ராகம் உண்டு. "போன்னெர்" என்பதை ஒரு ராகத்தில் சொன்னால் விவசாயிகள். இன்னொரு ராகத்தில் சொன்னால் அவரை. அந்த இரண்டாவது ராகத்திலேயே பிரார்த்தனைகள் என்றும் பொருள். அவரை வாங்கப் போய் இரண்டு ராத்தல் விவசாயிகளைக் கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்! போதாக்குறைக்கு ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு பேச்சு வழக்கு. ஒஸ்லோவில் படித்த பாஷை ஃபின்மார்க்கில் பாதிதான் காதில் ஏறும்.

"ஹோரெ" என்ற சொல்லோடு "தில்" என்ற சிறு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். "ஹோரெ தில்" என்றால் கேட்பது அல்ல. ஓர் ஊருக்கோ குடும்பத்துக்கோ உரியவனாக இருப்பது! பழந்தமிழில் "கேளிர்" என்றால் உறவினர். தூரத்து இரண்டு பாஷைகளில் காது சம்பந்தமான சொல்லின் பக்கத்திலேயே உறவும் வந்து உட்கார்ந்திருக்கிறது. தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

கண்டவன் சொல்

சட்டப்படி அந்த நாட்டுக்கு உரியவனாக ஆவதற்கும் வாய்தான் சாட்சி. குடியுரிமை கோருகிறவர் பேச்சுத் தேர்வில் "பி-1" என்ற நடுத்தர நிலையை எட்ட வேண்டும் என்று 2022 அக்டோபரில் விதியை உயர்த்தினார்கள். தேர்வில் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து உரையாடச் சொல்வதுண்டு. "இதைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன?" என்ற கேள்வி வராமல் இராது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

"நினைக்கிறேன்" என்று நாம் பொதுவாகச் சொல்வதை அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். "ஸீனெஸ்" என்பது ஒன்று. "த்ரூர்" என்பது மற்றொன்று. பார்வைக்கு "ஸீன்" என்று பெயர். அதன் உடன்பிறப்பு "ஸீனெஸ்". தானே கண்டு, உண்டு, அனுபவித்த பிறகு சொல்லும் அபிப்பிராயத்துக்கே அது பொருந்தும். அனுபவிக்காமல் ஊகித்துச் சொன்னால் "த்ரூர்". ஆட்டுப் பாலின் தெளிவைக் காய்ச்சிச் செய்யும் பழுப்புப் பாலாடைக்கட்டி ஒன்று அங்கே பிரசித்தம். அதை வாயில் போடாமலே "நன்றாக இருக்கிறது, ஸீனெஸ்" என்றால், "எப்போது சாப்பிட்டாய்?" என்று கேட்பார்கள். அறிவதைக் குறிக்கும் "வீத்தெ"யும் ஆதியில் "காண்பது" என்ற வேரில் பிறந்ததுதான். வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட "வேதம்", "வித்தை" எல்லாம் அதற்குப் பங்காளிகள்!

ஆகையால், "வடக்கே குளிர்காலம் எப்படி?" என்று தேர்வாளர் கேட்டால் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். போன ஜூலையில் வந்து இறங்கியவர் "த்ரூர்" என்றுதான் ஆரம்பிக்கலாம். சூரியன் இல்லாத இரண்டு மாதத்தை ஒரு தடவையாவது கடந்தவர், தாராளமாக "ஸீனெஸ்" என்று சொல்லலாம்.